பட்ஜெட் சேலையில இருந்த மீனைத் தேடி மதுபனிக்கு

பிப்ரவரி 18, 2025, செவ்வாய் – பாட்னாவிலேருந்து மதுபனி

ராத்திரி பதினொண்ணு தாண்டிருச்சு, ரெண்டு ரஜாய்க்கு (பஞ்சு வச்ச கனமான போர்வை) நடுவுல உக்காந்து டைப் பண்றேன். மத்தியானம் பாட்னாவுல நல்ல வெயில், எதுக்குடி என்னை ஸ்வெட்டர் சுமக்க வச்சேன்னு அக்கா திட்டிட்டே வந்துச்சு (பெரியம்மா பொண்ணு, ரிட்டயர்ட் டீச்சர், மார்கழி கோலப்போட்டிக்கு எங்க தெருவுல நிரந்தர ஜட்ஜ்), பொழுது சாஞ்சதும் அந்த ஸ்வெட்டருக்கு மேல என் சால்வையையும் சேர்த்துப் பிடுங்கி சுத்திக்கிச்சு.

டிக்கெட் கதையெல்லாம் பொதுவா எழுத மாட்டேன், இன்னைக்கு எழுதித்தான் ஆகணும். பாட்னா டூ மதுபனி (பீகார்ல ஓவியத்துக்குப் பேர் போன ஊர்) ரிசர்வ் பண்ணியிருந்தோம். பிளாட்ஃபார்ம் முழுக்க கும்பமேளா போயிட்டுத் திரும்புற ஜனம், கையில கங்கா ஜலம் ரொப்பின கேன், தலையில மூட்டை. எங்க பெட்டிக் கதவு உள்பக்கமா பூட்டிக் கெடக்கு. ஜன்னல் வழியா கெஞ்சிக் கேட்டா உள்ள இருந்த பெரியவர் எங்களைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பி கும்பிட்டார், ரொம்ப மரியாதையா, கதவை மட்டும் தொறக்கல. வண்டி போயிருச்சு.

அப்புறம் பஸ். தர்பங்கா வரைக்கும் ஆளுக்கு 350 ரூபா. காந்தி சேது பாலம் தாண்டவே அரை மணி நேரம், கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நீளம், கீழ கங்கை பாதி தண்ணி பாதி மணல். அந்தாண்டை ஹாஜிபூர், கண்ணுக்கெட்டின தூரம் வாழை. காலேஜ் பையன் ஒருத்தன் எழுந்து அக்காவுக்கு சீட் குடுத்துட்டு முஸாஃபர்பூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தான், வாய் ஓயாம கேள்வி வேற, மெட்ராஸ்ல பனி பெய்யாதா, நீங்க தினமும் இட்லிதான் திம்பீங்களா, ரஜினி வீடு எங்க இருக்கு. வழியில ஒரு ஓட்டல்ல தஹி சூடா, அதான் அவலும் தயிரும் வெல்லமும், தொட்டுக்க மொளகா ஊறுகாய், 60 ரூபா. அவலை இப்படி கெட்டித் தயிர்ல போட்டு மலை மாதிரி குவிச்சு தின்னுட்டா அடுத்த எட்டு மணி நேரத்துக்குப் பசியே எடுக்காது, நான் கேரண்டி.

எதுக்கு இவ்வளவு தூரம்னா, சென்னையில ஒரு கைவினைக் கண்காட்சியில ஸ்டால் போட்டிருந்த, மதுபனி ஓவியம் (மிதிலை ஓவியம்னும் சொல்வாங்க) வரையற தீதி (ஹிந்தியில அக்கா) ஒருத்தங்ககிட்ட முன்னாடி சின்னதா ஒரு படம் வாங்கியிருந்தேன். நம்பர் குடுத்து "வீட்டுக்கு வாங்க"ன்னாங்க, நானும் தலையாட்டி வச்சேன். இந்த பிப்ரவரி 1 பட்ஜெட் அன்னைக்கு நிர்மலா சீதாராமன் கட்டியிருந்த சேலையில மீன் மீனா இருந்துச்சே, அது மதுபனி பக்கத்துல ராந்திங்கற ஊர்ல இருக்கற துலாரி தேவி வரைஞ்சு குடுத்ததுன்னு டிவியில சொன்னதும் தீதிக்கு போன் போட்டேன். "சேலையைப் பார்த்துட்டா கூப்பிடுறீங்க, உங்களோட இது ஒம்பதாவது போன்"னு சிரிச்சாங்க.

பிப்ரவரி 19, புதன் – ஜித்வார்பூர்

காலையில பனி. எதிர்ல நிக்கிற மாட்டோட பின்பாதிதான் தெரியுது, முன்பாதி இல்ல. எட்டரைக்குத்தான் ஊரே கண்ணுக்கு வந்துச்சு.

தீதியோட ஊர் ஜித்வார்பூர்னா சுவரெல்லாம் மயிலும் தாமரையுமா இருக்கும்னு நெனச்சுட்டு வந்தேன். இல்ல. பூசாத செங்கல் சுவர் நெறைய, மொட்டை மாடியில கம்பி நீட்டிக்கிட்டு இருக்கற வீடு நெறைய. மண் சுவர் கொஞ்சம்தான் மிச்சம், அங்கங்க ஒண்ணு ரெண்டுல படம். ஆனா எந்த வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் ஒருத்தர் தரையில பேப்பரை விரிச்சுப் போட்டு ஒரு காலை மடக்கி உக்காந்து வரைஞ்சுட்டு இருக்காங்க, ஆம்பளைங்களும்தான். அடுப்புல பருப்பு கொதிக்குது, எழுந்து போய் கிண்டிட்டு வந்து விட்ட கோட்டைத் தொடருறாங்க. சுவர்ல இருந்தது எல்லாம் பேப்பருக்கு வந்துருச்சுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

தீதி வேலை செய்றதை ரெண்டு மணி நேரம் பார்த்தேன். பேப்பரை முன்னாடியே சாணித் தண்ணி தடவி காய வச்சிருக்காங்க, அந்த மங்கலான பழுப்பு நெறம் அதுலதான் வருது. பென்சில் இல்ல, ரப்பர் இல்ல. மையில தொட்டு எழுதுற நிப் பேனாவால நேரா கண்ணுல ஆரம்பிக்கிறாங்க. ஒத்தைக் கோடு கெடையாது, எல்லாம் ரெட்டைக் கோடு, ரெண்டுக்கும் நடுவுல பொடிப் பொடியா குறுக்குக் கோடு. கறுப்புக்கு விளக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள், ஆரஞ்சுக்கு பலாச மரத்துப் பூ, பச்சைக்கு வில்வ இலைன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க, "இதெல்லாம் கேட்டு வாங்கறவங்களுக்கு, மத்தவங்களுக்கு இது"ன்னு ஒரு ட்ரேல இருந்த அக்ரிலிக் டப்பாக்களைக் காட்டினாங்க. எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடிச்சுது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு தாதி (பாட்டியை இங்க அப்படித்தான் கூப்பிடறாங்க) வந்து உக்காந்தாங்க. எழுபது தாண்டினவங்க, காதுல தண்டட்டி கணக்கா வெள்ளி. நான் துலாரி தேவி சேலையைப் பத்திக் கேட்டா, அவங்க எங்க ஊர்க்காரியைப் பத்தி முதல்ல கேளுன்னு சீதா தேவி கதைக்குப் போயிட்டாங்க.

சீதா தேவி 1914-ல பொறந்தவங்க, வாழ்க்கைப்பட்டு வந்தது ஜித்வார்பூருக்கு. பிராமணர்தான், ஆனா மஹாபாத்ர பிராமணர், சாவுச் சடங்கு பண்ணி வைக்கிறவங்க. அதனாலயே மத்த பிராமணர் அவங்களை ஒரு எட்டு தள்ளித்தான் வைப்பாங்களாம். 1966-67-ல பீகார்ல மழை பொய்ச்சு பஞ்சம் வந்துச்சு இல்லையா, அப்ப அகில இந்திய கைவினை வாரியத்துல இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்ணிங்கற ஓவியரை இங்க அனுப்பி வச்சாங்க, சுவர்ல வரையறதை பேப்பர்ல வரைஞ்சு குடுத்தா வித்துத் தரலாம்னு. முதல்ல யாரும் முன்வரலையாம். கல்யாண வீட்டுச் சுவர்ல, அதுவும் பொண்ணு மாப்பிள்ளை அறையில வரையறதை அன்னிய ஆம்பளைகிட்ட காசுக்கு நீட்டறதா? தயங்காம பேப்பரை வாங்கினவங்கள்ல ஒருத்தங்க சீதா தேவி. பெரிய பெரிய முகம், அகலக் கண்ணு, உள்ள முழுக்க கலர் ரொப்பற பர்னி பாணி, அவங்க கையில தனியா நின்னுச்சு. 1981-ல பத்மஸ்ரீ. அதுக்கு முன்னாடியே, 1975-ல, இதே ஊர்க்காரங்க ஜகதம்பா தேவிக்கு பத்மஸ்ரீ. 2017-ல பௌவா தேவிக்கு. ஒரே கிராமத்துல மூணு பேரு.

சீதா தேவி வெளிநாடு போனது, அவங்க படம் ஜப்பான்ல நீகாட்டா பக்கம் டோக்கியோ ஹசெகாவாங்கறவர் 1982-ல ஆரம்பிச்ச மிதிலா மியூசியத்துல இருக்கறதெல்லாம் நான் படிச்சிருந்தேன். தாதி அதையெல்லாம் பேசவே இல்ல. "தார் ரோடு வந்தது அவங்களால, கரண்ட் வந்தது அவங்களால, சின்னப் பிள்ளைங்க ஸ்கூலும் அப்படித்தான்"னாங்க. விருது வாங்கப் போற எடத்துல பெரிய மனுஷங்களைப் பார்க்கற சான்ஸ் கெடைக்கும்ல, அங்க போய் ஊருக்கு இது வேணும் அது வேணும்னு நின்னுருக்காங்க. வரையக் கத்துக்குடுக்கறதுலயும் சாதி பார்க்காம வந்து உக்காந்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்கன்னு தாதி சொன்னப்போ, ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவுல இருந்து வந்தவங்கதானே, வேற எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு. நேத்து ராத்திரி குளிர்ல பல்லு நடுங்க நாங்க டோட்டோவுல வந்தது அந்த ரோடுதான். டோட்டோன்னா பேட்டரி ரிக்‌ஷா, ஸ்டேஷன்லேருந்து ஷேர்ல 30 ரூபா, எங்ககிட்ட 150 வாங்கிட்டான்.

ராத்திரிச் சாப்பாடு ரோஹு மீன், கடுகு அரைச்சு ஊத்தின கொழம்பு, சோறு. பிராமண வீட்ல மீனான்னு அக்காவுக்கு அதிர்ச்சி. இங்க மீன் சாப்பிடறது சாதாரணம், நல்ல காரியத்துக்கெல்லாம் மீன்தான் சகுனமாம். அக்கா வெஜ்ஜுங்கறதால அதுக்குத் தனியா கோவைக்கொடி இலையை அரிசி மாவுல முக்கி பொரிச்சுக் குடுத்தாங்க, தில்கோர் தருவான்னு பேரு. நம்மூர்ல வேலியில சும்மா படர்ந்து கெடக்கற கோவை. அக்கா ஒரு தட்டு காலி பண்ணிட்டு இன்னொண்ணு கேட்டுச்சு.

பிப்ரவரி 20, வியாழன் – ஜித்வார்பூர்

அக்காவுக்கு ஹிந்தி தெரியாது. காலையில எழுந்து பார்த்தா வாசல்ல உக்காந்து ஊற வச்ச அரிசியை அரைச்சு மாக்கோலம் போட்டுட்டு இருக்கு. சுத்தி ஏழெட்டு பொண்ணுங்க. இங்கயும் இதே மாதிரி அரிசி மாவுல தரையில போடற அரிபன் உண்டு, அதுக்கு நடுவுலேருந்து ஆரம்பிச்சு வட்டமா வளர்த்துக்கிட்டு போவாங்க, புள்ளி கெடையாது. அக்கா முதல்ல புள்ளியா வச்சுக்கிட்டே போனதைப் பார்த்து ஏதோ கணக்கு போடுறாங்கன்னு நெனச்சிருக்காங்க. சிக்குக்கோலம் கோடு ஒண்ணாவே போய் ஆரம்பிச்ச எடத்துல வந்து முட்டினதும் கைதட்டல். அதுல ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும், இது எவ்வளவுக்குப் போகும்னு கேட்டா.

நான் மொழிபெயர்த்தேன். அக்கா "விக்கறதில்லம்மா, தினமும் போட்டுட்டு மறுநாள் கூட்டித் தள்ளிருவோம்"னுச்சு. அந்தப் பொண்ணு நம்பவே இல்ல. தினமுமா? காசில்லாமயா? எதுக்கு? அக்கா என்னைப் பார்த்துச்சு, நான் மரத்தைப் பார்த்தேன்.

அக்காவுக்கு இது நாள் முழுக்க உறுத்துச்சு. இவங்க எல்லாத்தையும் காசாக்கிட்டாங்கடின்னு பொலம்பல். எனக்கு அப்படித் தோணல. இங்கயும் 1966 வரைக்கும் சும்மாதான் வரைஞ்சாங்க, யாரும் அவங்க பேரைக் கேட்டதில்ல. காசு வந்தப்புறம்தான் பேரும் வந்துச்சு. தீதி ஒரு பெரிய ஷீட்டுக்கு (22-க்கு 30 இஞ்ச்) பத்து பன்னெண்டு நாள் உக்காரணும், நேரா வித்தா 4,000 வரைக்கும் கெடைக்கும், வியாபாரி கிட்ட குடுத்தா 1,500. அவசரத்துக்கு வியாபாரிதான். அதே படம் டெல்லியில என்ன விலைக்குப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும், மொபைல்ல காட்டினாங்க, காட்டிட்டு சிரிச்சாங்க, அந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கல. இவங்க சம்பாத்தியத்துலதான் பையன் தர்பங்காவுல படிக்கிறான், வீட்டுக்கு கான்கிரீட் கூரை வந்திருக்கு. வீட்டுக்காரர் எங்களுக்கு டீ போட்டுக் குடுத்தார், தினமும் போடுவாராம், படம் விக்க ஆரம்பிச்சப்புறம் வந்த பழக்கமாம்.

மூணு மணிக்கு கிளாஸ். திண்ணையில பதினஞ்சு இருபது பொண்ணுங்க, ஃபீஸ் இல்ல. தீதி சொல்லிக் குடுக்கற முதல் பாடம் மீன், ரெண்டாவது மூங்கில், அப்புறம் மூலையில கையெழுத்து. இதுல ரொம்ப கண்டிப்பு. படம் சுமாரா இருந்தா விட்டுடறாங்க, பேர் எழுதாம நீட்டினா திருப்பிக் குடுத்துடறாங்க. வியாபாரிக்குப் போற படத்துல பேர் எழுதாதேன்னு சொல்றவங்க இருக்காங்களாம், வேற பெரிய பேரைப் போட்டு வித்துக்கலாம்ல.

சாயங்காலம் அடுத்த தெருவுல கல்யாணம், பொண்ணு வீடு. கோஹ்பர் அறை, அதான் பொண்ணு மாப்பிள்ளை அறை, பார்க்கலாம் வாங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க. புதுசா கட்டின வீடு, சுவர்ல பாதி உயரத்துக்கு டைல்ஸ், அதுல எங்க வரையறது? பேப்பர்ல வரைஞ்சதை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தாங்க. தாமரைக்கொடி வட்ட வட்டமா, நடுவுல ஈட்டி மாதிரி மூங்கில், சுத்தி மீன், ஆமை, கிளி, சூரியன், சந்திரன், நாலு மூலையிலயும் முக்காடு போட்ட ஒத்தைக்கண்ணு நைனா ஜோகின், கண்ணேறு படாம காவலுக்கு. வரைஞ்சது யாருன்னு பார்த்தா தீதியேதான். ஆர்டர் நெருக்கடியில சுவர்ல வரைய நேரமில்லையாம். டேப் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டு ஜோகின்ல ஒருத்தி காத்துல ஆடிட்டு இருந்தா, மாப்பிள்ளையோட தம்பி வந்து பெருவிரலால அமுக்கிட்டுப் போனான்.

சத்தமா பாட்டு, ஜெனரேட்டர் புகை, ரசகுல்லா. பீகார்ல 2016-லேருந்து மதுவிலக்கு, கல்யாண வீட்ல ஒரு தள்ளாட்டம் இல்ல (வெளிய தெரியற மாதிரி). கொசு மட்டும் போதையில இருந்தா மாதிரி கடிச்சுது.

பிப்ரவரி 21, வெள்ளி – ராந்தி

ராந்தி டவுனை ஒட்டியே இருக்கு. இங்க பாணி வேற, காயஸ்தர்ங்கற சாதி வீட்டுப் பெண்கள் கை, கச்னின்னு சொல்வாங்க, கலர் ரொப்பாம மெல்லிசு கோடாவே இழைச்சு இழைச்சு போறது. அதுல உச்சம்னா கங்கா தேவி. அவங்க ராந்தி இல்ல, ஆனா இந்தப் பாணியைப் பேசினா அவங்களைப் பேசாம இருக்க முடியாது. 1984-ல பத்மஸ்ரீ, 1985-ல இந்தியத் திருவிழாவுக்கு அமெரிக்கா போயிட்டு வந்து ரோலர் கோஸ்டர்ல போனதை அதே கச்னி கோட்டுல வரைஞ்சாங்க. கடைசியில கேன்சர் வந்தப்போ ஆஸ்பத்திரி, டாக்டர், கட்டில்னு தன் வைத்தியத்தையே படமா வரைஞ்சவங்க. டெல்லி கிராஃப்ட்ஸ் மியூசியத்துல அவங்க சுவர்ல வரைஞ்ச கோஹ்பர் அறையை 2015 வாக்குல புதுப்பிக்கிறோம்னு அழிச்சுட்டாங்க. எனக்கு இது நெனச்சாலே பத்திக்கிட்டு வரும்.

சரி, துலாரி தேவி. மல்லாஹ்ங்கற மீனவ சமூகம். பதிமூணு வயசுக்குள்ளயே கல்யாணம், பொறந்த கொழந்தை தங்கல, பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டாங்க. வயல் வேலை, நெல்லு குத்தறது, வீட்டு வேலை. வேலைக்குப் போன வீடு மஹாசுந்தரி தேவி வீடு, அவங்க ஓரகத்தி கர்பூரி தேவி, ரெண்டு பேருமே பெரிய ஓவியர்கள். கூட்டிப் பெருக்கிக்கிட்டே பார்த்துப் பார்த்து, வீட்டுக்குப் போய் குச்சியால மண்ணுல வரைஞ்சு பழகி, அப்புறம் கர்பூரி தேவி கையைப் பிடிச்சு சொல்லிக் குடுத்திருக்காங்க. மஹாசுந்தரி தேவிக்கு 2011-ல பத்மஸ்ரீ, அந்த வீட்ல பாத்திரம் கழுவினவங்களுக்கு 2021-ல பத்மஸ்ரீ. நடுவுல 2019-ல இதே ராந்தியில கோதாவரி தத்தாவுக்கு. பள்ளிக்கூடமே போகாத துலாரி தேவியோட வாழ்க்கையை அவங்க படத்தோடயே புஸ்தகமாப் போட்டது சென்னையில இருக்கற தாரா புக்ஸ், இதைச் சொன்னதும் நம்மூர் சம்பந்தம் இருக்குன்னு அக்காவுக்கு ஒரே பெருமை.

வீட்டைத் தேடிப் போய் கதவைத் தட்டலாம்னுச்சு அக்கா. நான் வேணாம்னுட்டேன். பிப்ரவரி 1-லேருந்து எத்தனை கேமரா வந்து நின்னிருக்கும், நாம வேற எதுக்கு. கொளத்தங்கரையில நடந்தோம். இந்தப் பக்கம் எங்க பார்த்தாலும் கொளம்தான், அதுல மீனும் மக்கானாவும் (பொரிச்சுத் தின்ற ஒரு அல்லி விதை). அவங்க படத்துல ஏன் மீன், வலை, தண்ணி திரும்பத் திரும்ப வருதுன்னு யாரும் விளக்கவே வேண்டாம். மிதிலை ஓவியம்னா ராமர் சீதை கிருஷ்ணர்னு மேல்சாதி வீட்டு விஷயமா இருந்ததுல மீன் பிடிக்கறவங்களும் நாத்து நடறவங்களும் உள்ள வந்தது இப்படித்தான். துசாத் சமூகத்துப் பெண்கள் 1970-கள்ல எரிகா மோசர்ங்கற ஜெர்மன்காரம்மா ஊக்கத்துல பேப்பர்ல வரைய ஆரம்பிச்சு, உடம்புல குத்திக்கிற பச்சையையே பாணியாக்கி, அவங்க சாமி ராஜா சல்ஹேஸை வரைஞ்சாங்க. கோத்னான்னு இப்ப அதுக்கு தனி மவுசு.

அந்த சேலை சமாச்சாரம் ஊருக்குள்ள எப்படிப் போயிருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை. டீக்கடையில (10 ரூபா, மண் குவளை, இஞ்சி தூக்கல்) நின்னு கேட்டேன். கடைக்கார அம்மா, "சேலை ஆர்டர் நெறைய வருது, ஆனா எல்லாரும் அந்த மீனையே கேக்கறாங்க, வேற எதுவும் வேணாங்கறாங்க"ன்னு அலுத்துக்கிட்டாங்க. அவங்களும் வரையறவங்கதான், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல சுருட்டி வச்சிருந்ததை எடுத்துக் காட்டினாங்க. A4 சைஸ் ஒண்ணு 400 சொன்னாங்க, பேரம் பேச வாயெடுத்த அக்காவை நான் மெதுவா மிதிச்சேன். அதே பட்ஜெட்ல மக்கானா வாரியம் அறிவிச்சாங்கல்ல, அதுல மக்கானா விலை ஏறிடும்னு அவங்களுக்குத் தனிக் கவலை. டவுன்ல கால் கிலோ 300 குடுத்து வாங்கினோம்.

பிப்ரவரி 22, சனி – ராஜ்நகர், சௌராட்

டோட்டோ ட்ரைவருக்குத் தமிழ் தெரியும்! "வாங்கக்கா, எங்க போகணும்"னு திடீர்னு கேட்டதும் அக்கா கண்ணுல தண்ணியே வந்துருச்சு, நாலு நாளா பேச ஆளில்லாம காஞ்சு போயிருந்துச்சு பாவம். திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை பார்த்த பையன். ரோடெல்லாம் அக்காதான் பேசிச்சு.

போற வழியில மரங்கள்ல படம். 2012 வாக்குல ராம்பட்டி – ராஜ்நகர் ரோட்டோரம் மரத்தை வெட்டாம காப்பாத்தறதுக்காக கிராமத்து ஓவியர்கள் அடிமரத்துல சாமியும் மயிலும் வரைஞ்சு விட்டாங்க, சாமி இருக்கற மரத்துல கோடாலி வைக்க கை வராதுல்ல. இப்ப வெளுத்து பட்டை உரிஞ்சு, அங்கங்க ஒரு கண்ணும் ஒரு கையும் மட்டும் தெரியுது. மரம் நிக்குது. அந்த மரத்தடியிலயே எங்க டோட்டோ பேட்டரியும் படுத்துருச்சு. "பவர் காலிக்கா"ன்னான். அவன் கூட்டாளி வேற வண்டி கொண்டு வர முக்கால் மணி நேரம், ரெண்டு பக்கமும் கடுகுப் பூ, மாந்தோப்புல பூ வாசனை, மேல நல்ல வெயில், உண்மையில எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல.

காத்திருக்கறப்போதான் அவன் மெதுவா கேட்டான், திருப்பூர் முதலாளிகிட்ட ரெண்டு மாச சம்பளம் பாக்கி இருக்கு, என் போனை எடுக்க மாட்டேங்கறார், நீங்க தமிழ்ல பேசிப் பாக்கறீங்களா. அக்கா போனை வாங்கி டீச்சர் குரல்ல பேசினதை நீங்க கேட்டிருக்கணும். அந்தாளு முதல்ல யாரும்மா நீங்கன்னு எகிறினார், அப்புறம் பாக்கலாம், மாசக் கடைசியில போட்டு விடறேன்னார். போடுவாரா தெரியல. நம்பரை அக்கா எழுதி வச்சிருக்கு.

ராஜ்நகர்ல தர்பங்கா மகாராஜா ராமேஷ்வர் சிங் கட்டின நவ்லக்கா அரண்மனை, 1934 ஜனவரி 15 பூகம்பத்துல விழுந்தது விழுந்தபடியே கெடக்கு. தூண் மேல ஆலமரம், உள்ள ஆடு மேயுது, காலேஜ் ஜோடிங்க ரீல்ஸ் எடுக்குது. அதே பூகம்பத்துலதான் மதுபனி கிராமங்கள்ல வீட்டுச் சுவரெல்லாம் பிளந்து, சேதம் பார்க்க வந்த ஆர்ச்சர்ங்கற வெள்ளைக்கார அதிகாரி உள்சுவர்ல இருந்த படங்களை முதல்முதலா பார்த்தார், 1949-ல அதைப் பத்தி மார்க்ங்கற கலைப் பத்திரிகையில எழுதினார். அரண்மனையைக் கட்டின கைக்கு எல்லாம் பேரில்லாம போச்சு, விழுந்த குடிசையில வரைஞ்ச கைதான் ஊருக்கே சோறு போடுது. பக்கத்துல வெள்ளைப் பளிங்கு காளி கோயில் மட்டும் அசையாம நிக்குது, அக்கா அங்க பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காந்துச்சு.

திரும்பறப்போ சௌராட். மைதிலி பிராமணர் கல்யாணச் சந்தைன்னு பேர் போன மாந்தோப்பு. வம்சாவளி ஏடு வச்சிருக்கற பஞ்ஜிகார், அப்பா வழி ஏழு தலைமுறை அம்மா வழி அஞ்சு தலைமுறை ரத்த சம்பந்தம் இல்லன்னு பார்த்து எழுதிக் குடுத்தாத்தான் கல்யாணம். இப்ப கூட்டம் கொறஞ்சு போச்சாம். அரசாங்கத்தோட மிதிலா சித்ரகலா சன்ஸ்தானும் இங்கதான், துலாரி தேவி பாடம் எடுக்கற எடம், நாங்க போறதுக்குள்ள கேட் சாத்தியாச்சு. வாட்ச்மேன் ரொம்ப வருத்தப்பட்டு, உள்ள விட முடியலன்னு ரெண்டு கொய்யாப்பழம் குடுத்தார்.

டோட்டோக்காரன் நாள் முழுக்க சுத்தினதுக்கு 700 மட்டும் வாங்கினான், காத்திருந்ததுக்குக் கேக்கல. அக்கா அவன் பையில 200 திணிச்சுது.

பிப்ரவரி 23, ஞாயிறு – மதுபனி ஸ்டேஷன்

காலையில எனக்கு தஹி ஊட்டி விட்டு, சட்டியில உயிரோட நீந்தற மீனைக் கொண்டாந்து ரெண்டு பேரையும் பார்க்க வச்சாங்க, பயணம் நல்லபடியா போகவாம். மீனைப் பார்த்த வேகத்துலயே போன் வந்துச்சு, வண்டி நாலு மணி நேரம் லேட்.

ஸ்டேஷன் சுவர் முழுக்க 2017-ல உள்ளூர் கலைஞர்கள் சேர்ந்து கூலி வாங்காம வரைஞ்சது. ராமர் கல்யாணம், கிராமத்துச் சந்தை, கொளம். நாலு மணி நேரத்துல ஒண்ணொண்ணா பார்த்துட்டோம், வெத்தலைத் துப்பல் ஒரே ஒரு எடத்துலதான், நம்ம ஊர் ஸ்டேஷன்களை நெனச்சுப் பார்த்தா பெரிய விஷயம். இந்த தடவை பெட்டிக்குள்ள ஏறிட்டோம், சீட்லயும் உக்காந்துட்டோம், என் சீட்ல கூட மூணு பேர். வாங்கின படங்களைச் சுருட்டி வச்ச அட்டைக்குழாய் மேல ஒரு பாட்டி தலை வச்சுத் தூங்கிட்டாங்க. எழுப்ப மனசு வரல, ஹாஜிபூர்ல அவங்க எறங்கினப்புறம் பிரிச்சுப் பார்த்தா ஒரு படத்துக்கு நடுவுல மடிப்பு.

கோஹ்பர் பெரிய ஷீட் ஒண்ணு தீதிகிட்ட ஆர்டர் குடுத்திருக்கேன், 4,000, பாதி அட்வான்ஸ், ரெண்டு மாசம் ஆகுமாம். அக்கா தனியா ஒரு ஆர்டர் குடுத்துச்சு, அந்த பன்னெண்டு வயசுப் பொண்ணுகிட்ட, மாக்கோலத்தை எவ்வளவுக்கு விக்கும்னு கேட்டவகிட்ட. 300 ரூபா, மீன் படம், மூலையில பேர் கண்டிப்பா. பாட்னா வர்றதுக்குள்ள அவ அம்மா போன்லேருந்து வாட்ஸப் வந்துருச்சு, ஒரு மீனா ரெண்டு மீனா, ரெண்டுன்னா 100 கூட ஆகும்னு. அக்கா இன்னும் பேரம் பேசிட்டு இருக்கு.